பழைய வேனில் வீல் பேரிங் தேய்மானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் ஏற்றி இறக்கும் வேன்கள் பெரும்பாலும் ஹையேஸ், அர்வான், வனெட் ரகம். மீட்டரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தினமும் ஓடுபவை. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற மறக்காதவர்கள்கூட வீல் பேரிங்கை (சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் உருளைத் தாங்கி) அது சத்தம் போடும்வரை நினைப்பதில்லை. சத்தம் வந்தபிறகோ, எந்தச் சக்கரம் என்று உறுதி செய்யாமலே பொருளை மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள். இந்த வேன்கள் பின்சக்கர இழுவை கொண்டவை. பதில்களும் அதற்கேற்ப எழுதப்பட்டவை.

எத்தனை கிலோமீட்டரில் பேரிங் போகும்?

கணக்கு கிடையாது. மூடி அடைக்கப்பட்ட ஹப் பேரிங் (ஹப் என்பது சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), தார்ச் சாலையில் மட்டும் ஓடினால் இரண்டு லட்சம் கிலோமீட்டர்கூடத் தாங்கும். அதே பேரிங் செம்மண் சாலையிலும் மழைநீர் தேங்கிய பள்ளத்திலும் ஓடினால் அதில் பாதிகூட வராமல் போகலாம். பழைய வேன்களின் முன்சக்கரத்தில் இருக்கும், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் வேறு வகை. அதைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் போட்டு மாட்ட வேண்டும். பொதுவாக 40,000 கி.மீ.க்கு ஒரு முறை; தோட்டத்துக்குள் ஓடும் வேனுக்கு அதற்கும் முன்னதாக.

பேரிங் சத்தம் எப்படி இருக்கும்?

முதலில் 50, 60 கி.மீ. வேகத்தில் மெல்லிய 'ம்ம்ம்' என்ற இரைச்சல். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். எஞ்சின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. சில வாரங்களில் அது தூரத்தில் அரவை மில் ஓடுவது போன்ற உறுமலாகும். கடைசிக் கட்டத்தில் 'கர கர' என்று அரைக்கும். அப்போது உள்ளே உருளைகளும் ரேஸும் (உருளைகள் ஓடும் வளையம்) உரிந்துவிட்டன என்று பொருள்.

தினமும் ஓட்டுபவரின் காது மெல்லக் கூடும் சத்தத்துக்குப் பழகிவிடும். மாதம் ஒரு முறை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டயர் சத்தமும் இப்படித்தானே இருக்கும்?

இருக்கும். அதனால்தான் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிவது அடிக்கடி நடக்கிறது. பிரித்தறிய மூன்று வழிகள்.

சாலையின் பரப்பு மாறும் இடத்தில் கவனியுங்கள். புதிதாகத் தார் போட்ட துண்டுக்குள் வண்டி நுழைந்ததும் சத்தம் சட்டென்று அடங்கினால் அது டயர். பேரிங்குக்கு எந்தத் தாரும் ஒன்றுதான்.

வண்டியை நிறுத்தி, டயரின் பட்டன்களை (மேற்பரப்பின் மேடுகளை) உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால் டயர் சீரின்றித் தேய்ந்திருக்கிறது.

இரண்டிலும் சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங். ஆனால் ஒன்று: டயர் குழிகுழியாகத் தேய்ந்ததற்கே ஆடிப்போன பேரிங் காரணமாக இருக்கலாம். புது டயர் போடுமுன் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள்.

டிஃப் சத்தத்தை எப்படிப் பிரிப்பது?

எக்ஸலரேட்டரை மிதித்தபோது ஒரு சத்தம், விட்டபோது வேறொரு சத்தம் என்றால் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர்த் தொகுதி, சுருக்கமாக டிஃப்) பக்கம் பாருங்கள். பேரிங் சத்தம் மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடு மட்டுமே மாறும். வண்டி நகரத் தொடங்கும்போது மட்டும் நடுவில் அதிர்ந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் அல்லது கிராஸ் ஜாயிண்டைச் சந்தேகியுங்கள்.

எந்தச் சக்கரம் என்று ஓட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வண்டி திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. இடப்பக்கம் திரும்பினால் வலச் சக்கரங்கள் சுமக்கும். வலப்பக்கம் திரும்பினால் இடச் சக்கரங்கள் சுமக்கும். தேய்ந்த பேரிங் பாரம் ஏறும்போது கூடுதலாகக் கத்தும், பாரம் இறங்கும்போது அடங்கும்.

நம் நாட்டு ரவுண்டபவுட்டில் வண்டி வலப்பக்கமாகவே சுற்றும். ஆளில்லாத நேரத்தில் 30, 40 கி.மீ. வேகத்தில் ஒரு முழுச் சுற்று போங்கள். சத்தம் கூடினால் இடப்பக்கத்துப் பேரிங்; அடங்கினால் வலப்பக்கம். நேர்ச் சாலையில் என்றால், ஈப்போ போகும் கூட்டரசு சாலையில் போக்குவரத்து இல்லாத நீளமான இடத்தில் 60 கி.மீ. வேகத்தில் உங்கள் தடத்துக்குள்ளேயே மெல்ல இடமும் வலமுமாக வளைத்துப் பாருங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

இது வலுவான சாட்சி, தீர்ப்பு அல்ல. இரட்டை வரிசை உருளைகள் உள்ள பேரிங்கில் உள் வரிசை மட்டும் தேய்ந்திருந்தால் சில சமயம் தலைகீழாகவும் கேட்கும். முன்னா பின்னா என்பதில் வேன் இன்னும் ஏமாற்றும். நீண்ட இரும்புக் கூடு சத்தத்தைக் கடத்திவிடும். பின் இருக்கையில் ஓர் ஆளை உட்கார வைத்துத் தரையில் காலை ஊன்றச் சொல்லுங்கள். அதிர்வு காலுக்குத் தெரியும்.

ஜேக் போட்டு எப்படிச் சோதிப்பது?

கெட்டியான, சமமான தரை வேண்டும். செம்மண் முற்றத்தில் செய்வதாக இருந்தால் ஜேக்கின் அடியில் தடித்த பலகை போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியபின் ஸ்டேண்ட் வைக்காமல் கையை உள்ளே விடக் கூடாது.

டயரை 12 மணி, 6 மணி இடங்களில் இரு கைகளாலும் பிடித்து, ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உடனிருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் போட்டதும் ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் போட்டும் ஆட்டம் அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷன் புஷ். பிரேக் அழுத்தும்போது டிஸ்க்கும் கேலிப்பரும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் ஹப்பும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கி முன்சக்கரத்தோடு திரும்பும் இரும்புத் துண்டு) ஒரே துண்டாகிவிடுகின்றன. மிஞ்சும் ஆட்டம் நக்கிளுக்கு வெளியேதான் இருக்க முடியும்.

அடுத்து 9 மணி, 3 மணி. இதில் மட்டும் ஆட்டம், 12-6இல் இல்லை என்றால் டை ராட் முனையைப் பாருங்கள்.

பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேலோ, ஸ்பிரிங் இல்லாவிட்டால் நக்கிளின் மேலோ வையுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடும் நடுக்கம் தெரியும். பிரேக் பேட் மெல்ல உரசும் 'ஷ்ஷ்' சத்தத்தோடு இதைக் குழப்பாதீர்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்துபோகும்.

பின்சக்கரமானால் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும், அதனால் முன்சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே போடாதீர்கள். தரையிலுள்ள சக்கரம் பிடித்தால் வண்டி ஸ்டேண்டிலிருந்து பாயும்.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

அடைக்கப்பட்ட ஹப் பேரிங்கில் கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்தால் பொதுவாக 0.05 மி.மீ. எல்லை, உங்கள் வேனின் கையேட்டைப் பாருங்கள். பழைய டேப்பர் பேரிங்கில் மிகச் சிறிய ஆட்டம் வெறும் தளர்ச்சியாக இருக்கலாம். கழற்றிப் பார்த்து, உள்ளே சுத்தமாக இருந்தால் சரிசெய்தாலே போதும்.

ஆட்டமே இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறதே?

ஹப் பேரிங் முதலில் கத்தும், பிறகுதான் ஆடும். ஆட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சூட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும், ஓட்டும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். சமதளச் சாலையில் 15 கி.மீ. ஓட்டி, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். இன்ஃப்ரா ரெட் வெப்பமானியால் நான்கு ஹப்புகளின் நடுப்பகுதியையும் அளந்து, முன் இரண்டையும் ஒன்றோடொன்று, பின் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 15, 20 டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. பிரேக் பிஸ்டன் பிடித்துக்கொண்டாலும் இதே சூடு வரும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கனமாகச் சுற்றுவதை வைத்து அதைப் பிரிக்கலாம்.

நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்து மலைச்சரிவில் இறங்கிய கையோடு அளப்பதில் பயனில்லை. அங்கே எல்லாச் சக்கரமும் பிரேக் சூட்டில் கொதிக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிவதற்கும் பேரிங்குக்கும் தொடர்பு உண்டா?

புதிய வேன்களில் உண்டு. பேரிங் ஆடும்போது சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும், சிக்னல் விட்டுவிட்டு வரும். சென்சாரை மட்டும் மாற்றினால் விளக்கு திரும்ப எரியும்.

வளைவு தாண்டியதும் பிரேக் மிதி ஆழமாகப் போகிறது. எண்ணெய் குறையவில்லை.

பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் சாய்ந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அடுத்த மிதியில் அந்த இடைவெளி முழுவதையும் பிஸ்டன் கடக்க வேண்டும். இரண்டாவது முறை மிதித்தால் சரியாகிவிடும், அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் மிதியில் நிற்காத வண்டியை ஓட்டாதீர்கள்.

தோட்டத்து வேனுக்கு ஏன் சீக்கிரம் போகிறது?

முதல் எதிரி தண்ணீர். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். அது தேங்கிய நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் ஆயில் சீலின் உதட்டு வழியாக நீரை உள்ளே இழுக்கும். சீல் புதிதாக இருந்தாலும் தொடர்ந்து நனைந்தால் இது நடக்கும். தேய்ந்த சீல் என்றால் நீரோடு செம்மண் நொய்யும் போகும். அச்சு மூழ்கும் அளவு வெள்ளத்தில் நின்ற வேனுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், முன் பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் மாற்ற வேண்டும். பின் டிஃப் எண்ணெய் பால் நிறமாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாரம். இருக்கைக் கணக்குக்கு மேல் ஆள், மேலே மூட்டை. இதோடு அகல டயருக்காக ஸ்பேசர் போட்டால் சக்கரத்தின் நடு பேரிங்கை விட்டு வெளியே தள்ளிப்போய், அது பேரிங்கை நெம்பிக்கொண்டே இருக்கும். வேனுக்கு ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்.

கழுவும் இடத்தில் உயர் அழுத்த நீரை ஹப்பின் நடுவிலும் சீலிலும் நேராகப் பாய்ச்சுவதும் கெடுக்கும்.

யாரும் சந்தேகிக்காத ஒன்று வெல்டிங். கூரை ரேக், இருக்கைச் சட்டம் பற்றவைக்கும்போது எர்த் கிளாம்பை சக்கரத்திலோ அச்சிலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும். உருளை தொடும் புள்ளிகளில் தீப்பொறி பட்டு நுண்குழிகள் விழும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டி மாட்டச் சொல்லுங்கள்.

சாலையின் சரிவு இடப்பக்கம் என்பதால் ஓரத்து நீரையும் பள்ளத்தையும் இடச் சக்கரமே முதலில் வாங்கும். இடது முன் பேரிங் முந்திப் போனால் வியக்க வேண்டாம்.

கழற்றிய பேரிங்கைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

முடியும், பழைய பேரிங்கைத் தூக்கி எறியுமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ரேஸின் உள்பரப்பை வெளிச்சத்தில் திருப்புங்கள்.

கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் மண் புகுந்து தேய்த்திருக்கிறது. பழுப்புக் கறையும், உருளைகள் நின்ற இடைவெளியில் வரிவரியாகத் துருவும் இருந்தால் தண்ணீர். அதே இடைவெளியில் துருவில்லாத பள்ளங்கள் இருந்தால் பெரிய குழியில் இடித்ததோ, மாட்டும்போது சுத்தியலால் அடித்ததோ. நீலம், வைக்கோல் நிறம் ஏறியிருந்தால் கிரீஸ் இல்லாமலோ அதிகம் இறுக்கியோ சூடாகியிருக்கிறது. நகத்தை ஓட்டினால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் செதில் உரிந்திருந்தால் ஆயுள் முடிந்தது. அது மட்டுமே பேரிங்கின் இயல்பான முடிவு.

காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது மாட்டினால் அதுவும் இதே வழியில் போகும்.

டேப்பர் பேரிங்குக்குக் கிரீஸ் போடுவது எப்படி?

பழைய கிரீஸ் முழுவதையும் ஹப்பிலிருந்து வழித்தெடுங்கள். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சு விடாத துணியில் உலர வையுங்கள். காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்தாதீர்கள். எண்ணெயில்லாமல் அந்த வேகத்தில் சுழன்றாலே பரப்பு கீறிப்போகும், கூண்டு உடைந்து உருளை தெறிக்கவும் கூடும்.

கிரீஸ்: வீல் பேரிங்குக்கு உரிய லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்எல்ஜிஐ 2 கெட்டி. வேறு வகைக் கிரீஸின் மேல் இதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடக்கூடும், அதனால்தான் முழுக்க வழிக்கச் சொல்வது. உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுமுனையில் உருளைகளுக்கு இடையே கிரீஸ் புழுபுழுவாக வெளிவர வேண்டும். சுற்று முழுவதும் அப்படிச் செய்யுங்கள். ஹப்பின் உட்குழியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். நிரப்பித் திணித்தால் சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் வழியும்.

ஆயில் சீலும் காட்டர் பின்னும் (நட்டு கழன்று போகாமல் பூட்டும் கம்பி) ஒவ்வொரு முறையும் புதிது. சில வெள்ளிதான், இதில் மிச்சம் பிடிப்பது பேரிங்கையே பலி கொடுப்பது.

நட்டை எவ்வளவு இறுக்குவது?

பலர் கெடுக்கும் இடம் இதுதான். ஆட்டம் தெரியக் கூடாதென்று பலங்கொண்டு இறுக்கிவிடுகிறார்கள்; பேரிங் ஒரு மலைப் பயணத்தில் எரிந்துபோகிறது. பொதுவான முறை: சக்கரத்தை இரு திசையிலும் சுழற்றிக்கொண்டே சுமார் 30 நியூட்டன் மீட்டர்வரை இறுக்கி உருளைகளை உட்கார வையுங்கள். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, காட்டர் பின் துளைக்கு நேராக வரும்படி வையுங்கள். கிடைக்கும் ஆட்டம் 0.03 முதல் 0.12 மி.மீ. அளவில் இருக்கும்.

ஜப்பானிய வேன்கள் பலவற்றுக்குக் கையேட்டில் சிறிய முன்னழுத்தம் கேட்டிருப்பார்கள். அதை அளக்க ஸ்பிரிங் தராசை வீல் போல்ட்டில் மாட்டி இழுத்து, ஹப் சுழலத் தொடங்கும் எடையைப் பார்க்க வேண்டும். கையேட்டில் அந்த எண் இருந்தால் பொதுமுறையை விட்டு அதையே பின்பற்றுங்கள்.

அழுத்திப் பொருத்தும் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாமா?

கூடாது. ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி ரேஸை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை உள்ளே விடும்போது உள் ரேஸுக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் அந்த விசை உருளைகள் வழியாகப் போய், பேரிங் மாட்டும்போதே தழும்பாகிவிடும். வாரத்துக்குள் சத்தம் திரும்பினால் பெரும்பாலும் இதுதான். ஏபிஎஸ் உள்ள வகையில் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும்.

பின்சக்கர டிரம்மில் எண்ணெய் கசிகிறது. அதுவும் பேரிங்கா?

இருக்கலாம். ஆக்ஸில் பேரிங் ஆடினால் ஷாஃப்ட் சீலின் உதட்டைத் தின்றுவிடும். டிஃப் எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்கும். சீலை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்தாமல் இரு பக்கமும் புதிது போடுங்கள். டிஃப்பின் மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்திருந்தாலும் எண்ணெய் சீல் வழியே தள்ளும், அதையும் பாருங்கள்.

ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. மறுபக்கத்தைச் சோதித்து, நன்றாக இருந்தால் விடுங்கள். டேப்பரில் மட்டும், உருளைக் கூட்டையும் அதன் வெளி ரேஸையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

போலிப் பேரிங்கை எப்படித் தவிர்ப்பது?

என்எஸ்கே, என்டிஎன், கோயோ, நாச்சி, எஸ்கேஎஃப் எல்லாவற்றுக்கும் போலி உண்டு. பெட்டி அழகாக இருப்பது சாட்சியல்ல. ரேஸின் பக்கவாட்டில் எண்ணும் பெயரும் கூர்மையாக, சீரான ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். விரலால் தேய்த்தால் மை போல் அழியக் கூடாது. எஸ்கேஎஃப் தன் பொருளைப் படம் எடுத்துச் சரிபார்க்கக் கைப்பேசிச் செயலி வைத்திருக்கிறது. பழைய பேரிங்கைக் கையில் கொண்டுபோய் எண்ணைப் பொருத்தி வாங்குங்கள். பாதி விலையில் கிடைத்தால் வாங்காதீர்கள்.

சத்தம் வந்தபிறகு எத்தனை நாள் ஓட்டலாம்?

மெல்லிய இரைச்சல், ஆட்டமில்லை, சூடில்லை என்றால் அந்த வாரத்துக்குள் பட்டறை. அதுவரை முழுப் பாரமும் நெடுஞ்சாலையும் வேண்டாம். ஆட்டமோ, சூடோ, அரைக்கும் சத்தமோ இருந்தால் அன்றே நிறுத்துங்கள். டேப்பர் பேரிங் இறுகினால் உள் ரேஸ் அச்சின் மேலேயே சுழன்று அச்சைத் தின்னும். பிறகு பேரிங் மட்டுமல்ல, நக்கிளும் வாங்க வேண்டும். அச்சு முறிந்தால் சக்கரம் வண்டியை விட்டுப் போய்விடும். பிள்ளைகள் ஏறும் வேனுக்கு 'இன்னும் ஒரு வாரம்' என்ற பேச்சே கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாக்கம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனை இருக்கிறதே, அதில் தெரிந்துவிடாதா?

ஆட்டம் பெரிதாக இருந்தால் அங்கே பிடிபடும். தொடக்க நிலை இரைச்சல் ஓடாத வண்டியில் தெரியாது. சோதனைக்கு முந்தைய வாரம் நீங்களே ஜேக் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாற்றியபின் என்ன பார்க்க வேண்டும்?

முதல் 20 கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஹப் சூட்டை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். புதிய கிரீஸ் முதலில் சற்றே வெதுவெதுப்பாக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம், உடனே தளர்த்த வேண்டும். 100 கி.மீ. ஆனதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரு முறை பாருங்கள். டேப்பர் வகையானால் 1,000 கி.மீ. கழித்து ஜேக் போட்டு 12-6 ஆட்டத்தை மறுபடி சோதியுங்கள். புது ரேஸ் தன் இடத்தில் நன்றாக அமர்ந்தபின் சிறிது தளர்வது உண்டு. அப்போது புதிய காட்டர் பின்னோடு மீண்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.